லீக் டூ மைதானத்தில் போலீஸ் நிற்காத இடங்கள்

இங்கிலாந்தில் ஒவ்வொரு கால்பந்து ஆட்டத்துக்கும் போலீஸ் முன்கூட்டியே ஒரு தரம் போட்டுவைக்கும். ஏ என்றால் ஆபத்து குறைவு, பி நடுத்தரம், சி என்றால் உஷார். இந்த வரிசைக்கு வெளியே இன்னொரு வகை உண்டு: போலீஸ் இல்லாத ஆட்டம். லீக் ஒன் (மூன்றாம் அடுக்கு), லீக் டூ (நான்காம் அடுக்கு), நேஷனல் லீக் என்று இறங்க இறங்க இந்த வகை பெருகிக்கொண்டே போகும். மைதானத்துக்குள் சீருடை ஒன்றுகூட இருக்காது. இரு அணி ரசிகர்களிலும் வம்புக்காரர்கள் யார் என்று முகம் தெரிந்த ஸ்பாட்டர்கள் வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனால் அதுவே அதிகம். மற்றதெல்லாம் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஸ்டூவர்டுகளின் (கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள கிளப் அமர்த்தும் ஆட்களின்) தலையில்.

போலீஸ் இல்லாததால்தான் அடிதடி என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அது பாதி உண்மை. அடிதடி பெரும்பாலும் நடப்பது ஒருவர் பொறுப்பு முடிந்து இன்னொருவர் பொறுப்பு தொடங்காத இடத்தில்: வாசலுக்கு வெளியே முதல் சில மீட்டர், ரயில் நிலையம் வரையிலான தெரு, கடைசி விசிலுக்குப் பிந்தைய ஐந்து நிமிடம். அந்த இடைவெளிகளை யார் பார்த்துக்கொள்வது என்று வியாழக்கிழமையே பேசி முடித்திருந்தால் சனிக்கிழமை 20 ஸ்டூவர்டுகளைக் கொண்டே சமாளிக்கலாம். பேசாமல் விட்டால் 200 போலீஸ் வந்தாலும் லேட்டாகத்தான் வரும்.

இந்த இடைவெளி உருவானதற்குச் சட்டமும் பணமும் காரணம். 1996-ம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, கிளப் கேட்டுப் பெறும் சிறப்புக் காவலுக்குப் போலீஸ் கட்டணம் வாங்கலாம். கேட்காத கூடுதல் ஆட்களுக்கு வாங்க முடியாது என்று 2008-ல் விகன் அத்லெடிக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கிளப்புக்குச் சொந்தமான, குத்தகைக்கு எடுத்த, அல்லது அதன் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலத்துக்கு மட்டுமே கட்டணம் என்று 2013-ல் லீட்ஸ் யுனைடெட் வழக்கில் தீர்ப்பானது. ஆட்ட நாளில் போக்குவரத்தை நிறுத்தி மூடப்படும் பொதுத்தெருகூட கிளப்பின் கட்டுப்பாட்டில் இருப்பதாக ஆகாது என்று 2017-ல் இப்ஸ்விச் டவுன் வழக்கு முடிந்தது.

இதன் நடைமுறை விளைவைப் பாருங்கள். கிளப் கேட்டு வேலிக்குள் நிற்கும் ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் கிளப் பில் கட்ட வேண்டும். அதனால் கிளப் குறைத்துக் கேட்கும். வேலிக்கு வெளியே நிற்பவருக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். அதனால் போலீஸ் தன் பங்குக்குக் குறைக்கும். மைதான வாசலில் டிக்கெட் விற்று ஓட்டும் ஒரு லீக் டூ கிளப்பின் கணக்கில் ஒரு சி தர ஆட்டம் நல்ல ஓட்டையைப் போட்டுவிடும். தரத்தை சி-யிலிருந்து பி-க்கு இறக்கச் சொல்லி கிளப் பேரம் பேசுவதெல்லாம் சகஜம். பேரம் தப்பில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பேசிவிட்டு, அந்த ஆட்கள் எத்தனை மணிக்கு எந்த மூலையில் நிற்பார்கள் என்பதைப் பேசாமல் எழுந்து போவதுதான் தப்பு.

இப்போது வாசலுக்கு வருவோம். தலைவலியின் பாதி இங்கேதான் ஆரம்பம்.

மைதானப் பாதுகாப்புக்கு வேதநூலாக இருக்கும் பச்சை வழிகாட்டி ஒரு டர்ன்ஸ்டைலில் (ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்கதவில்) மணிக்கு 660 பேர்தான் உச்சம் என்கிறது. அதாவது நிமிடத்துக்கு 11. வெளியூர் ரசிகர் பகுதிக்கு இரண்டு டர்ன்ஸ்டைல் என்றால் நிமிடத்துக்கு 22. ரயிலில் வந்த 400 பேர் 2.35-க்கு வாசலை அடைகிறார்கள், ஆட்டம் 3 மணிக்கு. காகிதத்தில் 18 நிமிடம். எல்லாரும் உள்ளே போய்விடலாம். ஆனால் ஒவ்வொருவரையும் தடவிச் சோதனை போட ஆளுக்கு 10 விநாடி ஆகும். சோதனைக்கு இரண்டே ஸ்டூவர்டுகள் நின்றால் வேகம் நிமிடத்துக்கு 12 ஆகிவிடும். கடைசி ஆள் உள்ளே போகும்போது மணி 3.08. நான்காவது நிமிடத்தில் கோல் விழுந்து உள்ளே கூச்சல் எழுந்தால் வெளியே நிற்கும் ஐம்பது பேர் முட்டித் தள்ளுவார்கள். அதைப் பார்த்துப் பதறும் போலீஸ் குறுக்கே ஒரு வரிசை போடும். இதற்குப் பிறகு வரும் செய்தி அறிக்கையில் "வெளியூர் ரசிகர்கள் அத்துமீறல்" என்று இருக்கும். டர்ன்ஸ்டைல் நிலவரம் இருக்காது.

தீர்வு பெரிய விஷயமே இல்லை. சோதனையை டர்ன்ஸ்டைலை ஒட்டி வைக்காமல் சற்று முன்னால் தள்ளி, நான்கு பேரைப் போட வேண்டும். நிமிடத்துக்கு 24 ஆகிவிடும், டர்ன்ஸ்டைல் சும்மா நிற்காது. ரயில் தாமதம் என்று தெரிந்தால் ஆட்டத்தை 15 நிமிடம் தள்ளிவைக்க நடுவரிடம் கேட்கலாம். ஆனால் வீரர்கள் சுரங்கத்தை (உடைமாற்றும் அறையிலிருந்து ஆடுகளத்துக்கு வரும் பாதையை) விட்டு வெளியே வருவதற்கு முன்பே முடிவெடுத்து, அதைத் தெருவில் நிற்பவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். உள்ளே மட்டும் அறிவித்துவிட்டு, தள்ளிவைத்த விஷயமே தெரியாத கூட்டத்தை வெளியே முண்டவிடுகிற கிளப்புகள் இன்னமும் இருக்கின்றன.

குடி விஷயம் தனி. 1985-ம் ஆண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அது பொருந்தும் ஆட்டங்களில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் நின்று குடிப்பது குற்றம். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்து ஒரு மணி நேரம் வரை இந்தத் தடை. ஆட்டத்துக்குப் போகும் வாடகை பஸ்ஸிலும் மது கூடாது. பஸ் மைதானத்தை இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் எட்டக் கூடாது என்பது பஸ் உரிமம் தருபவர்களின் வழிகாட்டுதல். ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக் வரை இந்தச் சட்டம் பிடிக்கும். அதற்குக் கீழே பிடிக்காது. ஆறாம், ஏழாம் அடுக்குகளில் பிளாஸ்டிக் கிளாஸில் பியரோடு கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுதான் வழக்கம். அதனால் பெரிய ஆபத்தும் வந்ததில்லை. எஃப்ஏ கோப்பையில் அதே கிளப் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி முதல் சுற்றுக்குள் நுழைந்தால் சட்டம் திடீரென்று வந்து உட்காரும். ஆடுகளத்தைப் பார்த்த கிளப் பாரின் ஜன்னல்களுக்குத் திரை போட வேண்டும். கிளாஸோடு வெளியே வருபவரைக் கதவிலேயே நிறுத்த வேண்டும். வருடம் முழுக்க அங்கேயே நின்று குடித்த வயதான உள்ளூர்க்காரர்தான் அன்றைக்கு முதலில் சண்டை போடுவார். அவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

அதே கீழ் அடுக்குகளில் இன்னொரு பழக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: இடைவேளையில் இடம் மாறுவது. இரு அணி ரசிகர்களும் தங்கள் அணி கோல் அடிக்கப்போகும் பக்கத்துக்குப் பின்னால் நிற்க விரும்புவார்கள். அணிகள் பக்கம் மாறும்போது இவர்களும் மைதானத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போவார்கள். 300 பேர் வரும் நாளில் இது அழகான காட்சி. 1,500 பேர் வந்து, அதில் 40 பேர் வம்புக்கென்றே வந்திருந்தால், இரண்டு கூட்டமும் தேநீர்க் கடைக்கு முன்னால் ஒரு மீட்டர் அகல நடைபாதையில் எதிரெதிராக முட்டும். இதைத் தடுக்கத் தடுப்புவேலி வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கக் கோட்டோடு, வெளியூர்க்காரர்கள் மறு பக்கக் கோட்டோடு என்று இரண்டு ஒருவழிப் பாதை பிரித்து, மூலைகளில் ஆளுக்கொரு ஸ்டூவர்டை நிறுத்தினால் போதும். தேநீர்க் கடை ஒன்றே ஒன்றுதான் என்றால் மறு பக்கத்தில் ஒரு மேஜை போட்டு இன்னொன்று திறந்துவிடுங்கள். முழுதாகப் பிரிப்பதென்றால் அதை ஆட்டத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இடைவேளையில் திடீரென்று டேப் கட்டினால், சும்மா நடந்துகொண்டிருந்தவரும் முறைத்துக்கொள்வார்.

அந்த 40 பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். சர்வதேச ஆட்ட இடைவேளை வாரங்களில் பெரிய கிளப்புகளுக்கு ஆட்டம் கிடையாது. சும்மா இருக்கும் கூட்டம் பக்கத்து ஊர்ச் சின்ன மைதானத்துக்குக் கிளம்பிவிடும். வருபவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், சின்ன கிளப்புக்கு நல்ல வசூலும்கூட. ஆனால் ஆட்டத்துக்குப் போகக் கூடாது என்று 1989-ம் ஆண்டுச் சட்டப்படி தடை உத்தரவு வாங்கியவரையும் இங்கே அது தடுக்காது. உத்தரவு குறிப்பிட்ட லீக்குகளின் ஆட்டங்களுக்கு மட்டுமே செல்லும். ஏழாம் அடுக்கு ஆட்டத்துக்கு அவர் தாராளமாக டிக்கெட் வாங்கலாம். உத்தரவு 3 முதல் 5 ஆண்டுகள், சிறைத் தண்டனையோடு வந்தால் 6 முதல் 10 ஆண்டுகள். அத்தனை காலமும் சனிக்கிழமை மதியம் அவர் எங்காவது போகத்தானே செய்வார். சின்ன கிளப்பில் அவரை முகம் பார்த்துச் சொல்ல ஸ்பாட்டர் இருக்க மாட்டார். பெரிய கிளப்பின் கால்பந்துப் போலீஸ் அதிகாரிக்குப் புதன்கிழமை ஒரு போன் போட்டு, "உங்க ஆளுங்க யாராவது இந்தப் பக்கம் வர்றாங்களா?" என்று கேட்பதைத் தவிர இதற்கு வேறு வழி தெரியவில்லை.

ஸ்டூவர்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 250 பார்வையாளருக்கு ஒருவர் என்பது அடிப்படைக் கணக்கு. ஆபத்து கூடினால் ஆட்களும் கூட வேண்டும். கீழ் அடுக்குகளில் இந்த வேலைக்கு வருபவர்கள் ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், ஏஜென்சி அனுப்பும் ஆட்கள். காலையில் நான்கு பேர் வராமல் போவது வழக்கமான விஷயம். எண்ணிக்கை குறைந்தால் ஒரு ஸ்டாண்டை மூடுவதா என்று முடிவெடுக்கும் உரிமை பாதுகாப்பு அதிகாரியின் கையில் இருக்க வேண்டும், கிளப் முதலாளியின் கையில் அல்ல. ஆடுகளத்தைப் பார்த்து நிற்கும் ஸ்டூவர்டு டிக்கெட் வாங்காத ரசிகர், அவ்வளவுதான். முதுகு ஆட்டத்துக்கும் முகம் கூட்டத்துக்கும் இருக்க வேண்டும்.

ஒருவரை வெளியேற்றுவதில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். கோல் விழுந்த சூட்டில் போய்க் கையைப் பிடித்து இழுத்தால் சுற்றி இருக்கும் ஐம்பது பேரும் அவருக்கு நண்பர்களாகிவிடுவார்கள். ஆட்டம் தொய்வாகப் போகும் நேரம் பார்த்து இரண்டு பேர் போக வேண்டும்: ஒருவர் பேச, மற்றவர் சுற்றிலும் பார்க்க. பேசுபவர் ஒரே ஒரு படி கீழே நின்று, கையை விரித்து வைத்து, பெயர் கேட்டுத் தொடங்கினால் பாதிப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள். எதிரணி ரசிகர்கள் முன்னால் நடத்திக்கொண்டு போகாமல் பக்கத்தில் இருக்கும் வாசல் வழியாக அனுப்ப வேண்டும். நேரம், இருக்கை எண், உடை அடையாளம் மூன்றையும் உடனே எழுதிக்கொள்ள வேண்டும். குடித்திருக்கும் பதினாறு வயதுப் பையனைத் தெருவில் தனியாக விட்டுவிட்டுக் கதவைச் சாத்தக் கூடாது. அவன் வீட்டுக்குப் போன் போகும்வரை ஓர் ஆள் கூட இருக்க வேண்டும்.

புகைக்குண்டும் ஃப்ளேரும் (கையில் பிடித்து எரிக்கும் தீச்சுடர்க் குழல்) இப்போது இளவட்டங்களின் மோகம். ஃப்ளேர் ஆயிரம் டிகிரியை எளிதாகத் தாண்டி எரியும். காலால் மிதித்து அணைக்கப் போனால் ஷூ உருகும். சுற்றி இடம் ஒதுக்கி, கையுறை போட்டு, மணல் வாளிக்குள் போட வேண்டும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒரு வாளி. இதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

கடைசி விசில் விஷயத்துக்கு வருவோம். 2010 மே மாதம் லூட்டன் மைதானத்தில் பிளே-ஆஃப் (மேல் அடுக்குக்கு ஏறுவது யார் என்று தீர்மானிக்கும் ஆட்டங்கள்) அரையிறுதியில் ஜெயித்த யார்க் சிட்டி வீரர்கள், எறியப்பட்ட பொருள்களுக்குத் தப்பி ஸ்டாண்டுக்குள் ஏறி நிற்க வேண்டியதாயிற்று. 2022 மே மாதம் போர்ட் வேல் மைதானத்தில் லீக் டூ பிளே-ஆஃப் அரையிறுதி பெனால்டியில் முடிந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்து, தோற்ற ஸ்விண்டன் வீரர்கள் தாக்கப்பட்டார்கள். அந்தக் கோடைக்குப் பிறகு, ஆடுகளத்துக்குள் இறங்கினால் போலீஸில் புகார், குறைந்தது ஓராண்டு கிளப் தடை என்று விதி வந்தது. 1991-ம் ஆண்டுச் சட்டப்படி அது ஏற்கெனவே குற்றம்தான். ஆனால் சீசனையே முடித்துவைக்கும் கோல் விழும்போது யாரும் சட்டப் புத்தகத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாயிரம் பேர் இறங்கினால் 60 ஸ்டூவர்டுகளால் தடுக்க முடியாது. தடுக்க முயன்று விளிம்பு முழுவதும் ஐந்து மீட்டருக்கு ஒருவர் என்று பரப்பி நிறுத்துவதுதான் மிக மோசமான திட்டம்: எல்லா இடத்திலும் மெலிவு, எந்த இடத்திலும் பலம் இல்லை. காக்க வேண்டியவை மூன்று: வெளியூர் அணி வீரர்கள், நடுவர்கள், வெளியூர் ரசிகர் பகுதிக்கு முன்னால் உள்ள கோடு. 80-வது நிமிடத்தில் ஆட்களை நகர்த்தத் தொடங்க வேண்டும். சுரங்க வாயிலிலிருந்து ஆடுகளத்துக்குள் நீளும்படி இரண்டு வரிசை, நடுவில் நான்கைந்து பேர் ஓடும் அகலம். வெளியூர் ரசிகர் பகுதிக்கு முன்னால் நெருக்கமான ஒரு வரிசை; ஏனென்றால் இறங்கும் கூட்டத்தில் ஒரு பகுதி கொண்டாடப் போகாது, நேராக அவர்களைச் சீண்டத்தான் ஓடும். தூரத்துக் கோல்கீப்பரை மறந்துவிடுவார்கள். சுரங்கத்துக்கு அவர்தான் தொலைவு, அவர்தான் தனியாள். அவருக்கென்று இரண்டு பேரைக் கோலுக்குப் பின்னாலேயே நிறுத்த வேண்டும். வெளியூர் அணியின் மேலாளரிடம் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்: விசில் அடித்ததும் கைகுலுக்கல் வேண்டாம், நேராகச் சுரங்கம். பெனால்டி என்றால் இன்னும் சிக்கல், எல்லாரும் நடுவட்டத்தில் நிற்பார்கள். எந்தக் கோலில் உதைப்பது என்பதை முடிவு செய்யும்போது பாதுகாப்பையும் கணக்கில் எடுக்க நடுவருக்கு இடமுண்டு. அதை முன்கூட்டியே அவரிடம் நினைவுபடுத்தினால் சுரங்கத்துக்கு அருகில் இருக்கும் பக்கம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு சோதனை, கூட்டத்தை அனுப்புவது. வெளியூர் ரசிகர்களை 20 நிமிடம் உள்ளே நிறுத்திவைத்து, தெரு காலியானதும் விடுவது பழைய முறை. இது பலிக்க வேண்டுமானால் ஆட்டத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், கழிப்பறை திறந்திருக்க வேண்டும், ரயில் நேரத்தோடு மோதக் கூடாது. விசிலுக்குப் பிறகு கதவைச் சாத்தி "கொஞ்சம் பொறுங்க" என்றால் கதவு உதைபடும். சாத்தும் கதவைப் பூட்டவே கூடாது. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில், லிங்கன் சிட்டிக்கு எதிரான மூன்றாம் டிவிஷன் ஆட்டத்தில் மரத்தால் ஆன ஸ்டாண்டு தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்க வழிகள் பூட்டிக் கிடந்தன. முன்பக்கம் வேலி இல்லாததால் ஆடுகளத்துக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வெளியேறும் கதவிலும் ஆட்டம் முழுவதும் ஆள் நிற்க வேண்டும், உடனே திறக்க முடிய வேண்டும் என்பது கறார் விதியானது. கலாட்டாவைத் தடுக்கிற பெயரில் இந்த விதியைத் தளர்த்துகிறவரோடு வாதம் செய்ய வேண்டியதே இல்லை, வேலையை விட்டு அனுப்பிவிடலாம்.

தெருவில் இறங்கிய பிறகு போலீஸின் ஆட்டம். ஒரு போலீஸ் ஆதரவு அணி என்பது ஓர் இன்ஸ்பெக்டர், மூன்று சார்ஜென்ட், 18 கான்ஸ்டபிள், மூன்று வேன். 2014-ம் ஆண்டுச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி, இன்ஸ்பெக்டர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் ஒரு பகுதியிலிருந்து ஆட்களைக் கலைந்துபோகச் சொல்லலாம், 48 மணி நேரம் வரை. கருவி நல்லதுதான். ஆனால் ஒரு பப்பில் 80 பேர் உட்கார்ந்திருக்க, அதில் ஆறு பேருக்காக 80 பேரையும் வரிசை கட்டி நிலையத்துக்கு நடத்தினால் அந்த எழுபத்துச் சொச்சம் பேரும் அடுத்த ஆட்டத்துக்கு வேறு மனநிலையோடு வருவார்கள். கூட்ட உளவியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் ஸ்டாட் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: மொத்தக் கூட்டத்தையும் எதிரியாக நடத்தினால், வம்புக்காரர்களைத் தாங்களே அடக்கியிருக்கக் கூடிய நடுநிலைக்காரர்கள் அவர்கள் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். போர்ச்சுகலில் நடந்த 2004 யூரோ கோப்பையில் முதலில் சாதாரணச் சீருடையில் பேச ஆள், கண்ணில் படாத தூரத்தில் கலவரப் படை என்று போலீஸ் நின்றது. ஆட்டம் நடந்த நகரங்களில் இங்கிலாந்து ரசிகர்களால் பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. லீக் டூவுக்கு இதைச் சுருக்கினால், ரயிலடியில் ஹெல்மெட் போட்ட பத்துப் பேரைவிட, "பப் இந்தப் பக்கம், வாசல் அந்தப் பக்கம், 2.30-க்குள்ள வந்துடுங்க" என்று சொல்லும் தொப்பிக்காரர் ஒருவர் மேல்.

ஆட்டம் முடிந்த அன்று மாலையே இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். கேமராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்து மேலே புதிது எழுதப்படும். சம்பவ நேரங்களைக் குறித்துவைத்த தாளை எதிரே வைத்துக்கொண்டு தேவையான பகுதிகளை அன்றே பிரதி எடுக்க வேண்டும். அடுத்தது, ஸ்டூவர்டுகளின் குறிப்புகளை அவர்கள் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுக்கும்போதே கையெழுத்தோடு வாங்கிவிடுவது. கிளப் தன் ரசிகர்களைக் கட்டுப்படுத்தத் தவறியது என்று கால்பந்து சங்கம் நோட்டீஸ் அனுப்பும்போது, என்னென்ன ஏற்பாடு செய்திருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குள் அந்த ஏஜென்சி ஆட்கள் வேறு ஊர் மைதானத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.